நாய், பூனைக்கு ஹோலிஸ்டிக் சிகிச்சை: போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வயதான நாய்க்கு இடுப்பு வலி. மாத்திரை கொடுத்தால் எழுந்து நடக்கிறது, நிறுத்தினால் படுத்துக்கொள்கிறது. தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று கவலை. நம்மில் பலர் ஹோலிஸ்டிக் மருத்துவரை, அதாவது உடல் முழுவதையும் பார்த்து மாற்று முறைகளிலும் சிகிச்சை தருபவரை, தேட ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். எங்கள் வீட்டுப் பத்து வயது லாப்ரடார் கருப்பிக்காக நானும் அப்படித்தான் தேடினேன். யாரிடம் போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு ஆகும், எத்தனை வாரத்தில் பலன் தெரியும் என்று எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் மாதக்கணக்கில் அலைந்தோம். சென்னையில் இருந்து எழுதுகிறேன். வெளியூர்க்காரர்களுக்குக் கட்டணமும் வசதியும் மாறலாம், செய்ய வேண்டிய முறை மாறாது.

ஹோலிஸ்டிக் என்ற பெயரில் இப்போது கிடைப்பவை அக்குபங்சர், பிசியோதெரபி, தண்ணீருக்குள் நடைப்பயிற்சி, லேசர், உணவுத் திட்டம், மூலிகை மருந்து, ஹோமியோபதி. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிலவற்றுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, சிலவற்றுக்குக் கொஞ்சம், சிலவற்றுக்கு இல்லவே இல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்துச் செய்தால் இவற்றில் சில, பிராணியின் வலியை உண்மையாகவே குறைக்கும். வழக்கமான மருத்துவத்தை விட்டுவிட்டு இவற்றை மட்டும் நம்பினால் உயிர் போகலாம்.

1. முதலில் நோய் என்னவென்று கண்டுபிடியுங்கள்

நாய் நொண்டுகிறது என்றால் மூட்டுத் தேய்மானம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம், முதுகுத்தண்டு வட்டு நழுவியிருக்கலாம், எலும்பில் புற்றுநோய் இருக்கலாம். நம் ஊரில் இன்னொன்று, உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி மூட்டு வலியையும் சோர்வையும் கொண்டுவரும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் பிடிபடக்கூடிய நோய் இது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் கொடுப்பார்கள். இதை அக்குபங்சர் ஊசியோ கஷாயமோ குணப்படுத்தாது. நொண்டலுக்கு மசாஜ் செய்துகொண்டே ஒரு மாதத்தைக் கடத்தினால் தட்டணு அபாயக் கட்டத்துக்கு இறங்கியிருக்கும்.

ஆகவே முதல் வேலை வழக்கமான கால்நடை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை. வயதான பிராணிக்குக் குறைந்தபட்சம் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளும், நடையில் பிரச்சினை என்றால் எக்ஸ்ரேயும் வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் அரசுக் கல்லூரி மருத்துவமனைகள்தான் நல்ல வழி. சென்னையில் வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் உள்ளன. வேப்பேரிக்குப் போவதென்றால் அரை நாளை ஒதுக்கிவிட்டு, காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். கூட்டத்தில் மற்ற நாய்களைக் கண்டு மிரளும் பிராணியானால், ஒருவர் வரிசையில் நிற்க இன்னொருவர் அதை மர நிழலில் வைத்துக்கொள்வது நல்லது.

கீழே சொல்பவை வந்தால் எந்த ஹோலிஸ்டிக் கிளினிக்குக்கும் முன்பதிவு செய்துகொண்டு காத்திருக்காதீர்கள். நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்:

- வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராமல் தவிப்பது
- ஆண் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி முடியாமல் போவது
- குட்டிக்கு ரத்தம் கலந்த பேதி
- ஈறு வெளுத்துப் போவது
- திடீரென்று பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிடுவது
- வலிப்பு நிற்காமல் தொடர்வது
- கருத்தடை செய்யாத பெண் நாய், பருவத்துக்கு வந்து சில வாரங்களில் அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பிட மறுப்பது. இது கருப்பையில் சீழ் கட்டுவதாக இருக்கலாம். பிறப்புறுப்பிலிருந்து சீழ் வடிந்தாலும் வடியாவிட்டாலும் ஆபத்துதான்.

2. யாரிடம் போவது

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-ன்படி பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் மட்டும்தான் பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கலாம். பி.வி.எஸ்சி. பட்டமும், மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டிலேயே அந்த எண் இருக்கும். இல்லையென்றால் கேளுங்கள். நேர்மையான மருத்துவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

மனிதர்களுக்குப் பார்க்கும் அக்குபங்சர்காரரும், ஹோமியோபதி மருத்துவரும், சித்த வைத்தியரும் தங்கள் துறையில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் உங்கள் பூனைக்கு மருந்து கொடுக்க ஏற்றவர் இல்லை. மனிதனுக்கு ஒத்துக்கொள்வது பூனையைக் கொன்றுவிடும். ஆறாவது படியில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறேன்.

அக்குபங்சர் என்றால் தனிப் பயிற்சி பெற்றவரா என்று பாருங்கள். 1974-ல் தொடங்கிய சர்வதேசக் கால்நடை அக்குபங்சர் சங்கம் கால்நடை மருத்துவர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. இதுபோல வேறு சில படிப்புகளும் உண்டு. எங்கே, எத்தனை மாதம் படித்தார் என்று கேட்டால் போதும், பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

நேரில் போவதற்கு முன் போனிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைகளைப் பார்ப்பீர்களா? இப்போது கொடுக்கும் மாத்திரையைத் தொடரலாமா? எங்கள் பழைய டாக்டரிடம் பேசுவீர்களா? "அதெல்லாம் தேவையில்லை, இங்கிலீஷ் மருந்தை முதலில் நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். நாங்கள் போன ஓர் இடத்தில் கருப்பியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லி, பெயர் எதுவும் எழுதாத மூன்று பொட்டலம் பொடியைக் கையில் கொடுத்தார்கள். என்ன பொடி என்று கேட்டதற்குக் "குடும்ப ரகசியம்" என்றார்கள். பொட்டலத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோம்.

3. ஒரே கோப்பில் எல்லாம்

இரண்டு மருத்துவர்களிடம் காட்டும்போது ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரிய ஆபத்து. அதனால் பிளாஸ்டிக் உறை வைத்த ஒரு கோப்பு வாங்கி, இவற்றைத் தேதி வாரியாக வையுங்கள்:

- தடுப்பூசிப் புத்தகம், குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளோடு
- கடைசி ஆறு மாத ரத்தப் பரிசோதனைகள்
- எக்ஸ்ரே. வெறும் அறிக்கை போதாது, படமே வேண்டும். டிஜிட்டல் எக்ஸ்ரே என்றால் எடுத்த இடத்திலேயே மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பிறகு கேட்டால் அழித்துவிட்டோம் என்பார்கள்.
- இப்போது கொடுக்கும் எல்லாவற்றின் பட்டியல், அளவோடும் நேரத்தோடும். டானிக், மீன் எண்ணெய், மஞ்சள், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த எண்ணெய் உட்பட. மறைக்க இதில் ஒன்றும் இல்லை.
- ஒரு வாரம் என்னென்ன சாப்பிட்டது என்ற குறிப்பு. பிஸ்கட்டையும், தாத்தா மேஜைக்கு அடியில் போடும் இட்லியையும் சேர்த்துத்தான்.
- எடை, பார்த்த தேதியோடு

இவை எல்லாவற்றையும்விட உதவியாக இருந்தது போனில் எடுத்த வீடியோ. கிளினிக்குக்குள் நுழைந்ததும் பதற்றத்தில் பிராணி வலியை மறைத்துவிடும். வீட்டில் டைல்ஸ் தரையில் எழும்போது கருப்பிக்குப் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். முன்னங்காலை ஊன்றி, முதுகை வளைத்து, இரண்டு மூன்று முறை முயன்றுதான் எழுவாள். அதே கருப்பி டாக்டர் முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடினாள். வீடியோ இல்லாவிட்டால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுவதை ஒன்று, பக்கவாட்டில் நடப்பதை ஒன்று, பின்னால் இருந்து நடப்பதை ஒன்று என்று அரை நிமிட வீடியோக்களாக எடுங்கள். பூனையானால் சோபாவில் ஏறுவதையும் இறங்குவதையும் எடுங்கள். மூட்டு வலி வந்த பூனை நொண்டுவது குறைவு, தாவுவதைத்தான் நிறுத்தும்.

4. முதல் நாள் என்ன நடக்கும்

வழக்கமான கிளினிக்கில் பத்து நிமிடத்தில் முடிவது இங்கே முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். என்ன சாப்பிடுகிறது, எங்கே படுக்கிறது, குளிர்ந்த தரையைத் தேடுகிறதா வெயிலைத் தேடுகிறதா, மலம் எப்படி இருக்கிறது, ராத்திரி எழுந்து உலாவுகிறதா, கோபம் கூடியிருக்கிறதா என்று நிறையக் கேட்பார்கள். வீட்டில் யார் அதிக நேரம் பிராணியோடு இருக்கிறாரோ அவரும் வருவது நல்லது. எங்கள் வீட்டில் பாதிக் கேள்விக்கு என் மாமியாருக்குத்தான் பதில் தெரிந்திருந்தது.

பிறகு தலையிலிருந்து வால்வரை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் தோல் துடிக்கிறது, எங்கே திரும்பிப் பார்க்கிறது என்று கவனிப்பார்கள். சீன மருத்துவம் படித்தவர் நாக்கின் நிறத்தையும் தொடை நாடியையும் பார்ப்பார். அதோடு இதயத் துடிப்பு, வெப்பநிலை, மூட்டு மடங்கும் அளவு ஆகியவற்றையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நாடியை மட்டும் பார்த்து நோய் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

அக்குபங்சர் ஊசி மயிரிழை போல மெல்லியது. குத்தி 15 முதல் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். சில நாய்கள் அப்படியே தூங்கிவிடும், சில எழுந்து உதறி ஊசிகளை விழவைக்கும். பூனைக்கு நேரமும் ஊசியும் குறைவாகத்தான் வைப்பார்கள். முடிந்த அன்றும் மறுநாளும் தூக்கக் கலக்கமாகவோ கொஞ்சம் விறைப்பாகவோ இருக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு நாளைத் தாண்டி வலி கூடினால் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ரத்தம் உறையும் தன்மையில் குறை இருந்தாலோ, தட்டணு குறைவாக இருந்தாலோ, உடலில் கட்டி இருந்தாலோ ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

போகும் முன் வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம், லேசாகப் போதும். சித்திரை, வைகாசியில் லாப்ரடார், பக் போன்ற நாய்களை மதியம் ஆட்டோவில் கூட்டிப்போகாதீர்கள். மூட்டு வலிக்குப் போய் வெப்பத்தாக்குதலோடு திரும்ப வேண்டியிருக்கும். காலை முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

கிளம்பும்போது கையில் எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். என்ன சிகிச்சை, எத்தனை முறை, எதை வைத்து முன்னேற்றம் என்று சொல்வோம் என்பது அதில் இருக்கட்டும். முதல் நாளே ஊசி, பொடி, எண்ணெய், புது உணவு என்று நான்கையும் சேர்த்து ஆரம்பிக்கச் சொன்னால், ஒன்றொன்றாக ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். எல்லாம் சேர்ந்தால் பேதி எதனால் வந்தது என்றும் தெரியாது, பலன் எதனால் வந்தது என்றும் தெரியாது.

5. எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்

மூட்டு வலிக்கு முதல் சிகிச்சை எடையைக் குறைப்பது. இதற்கு யாரும் விளம்பரம் செய்வதில்லை, ஆனால் இதற்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாக வந்தது. பருத்த நாய்கள் உடல் எடையில் 6 சதவீதம் அளவுக்குக் குறைந்தாலே நொண்டல் குறைவதை இன்னோர் ஆய்வு காட்டியது. 35 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோதான். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். கருப்பிக்குச் செய்தவற்றில் மிகப் பெரிய பலன் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன், செலவும் மிச்சம்.

அடுத்து தரை. வழுக்கும் டைல்ஸில் ரப்பர் பாய், யோகா பாய், பழைய சணல் சாக்கு எதையாவது படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம்வரை விரியுங்கள். பாதத்தின் அடியில் வளரும் முடியையும் நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

பிசியோதெரபியும் தண்ணீர் நடையும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் கால் பலவீனமான நாய்களுக்கும் தசையைத் திரும்பக் கொண்டுவர உதவுகின்றன. ஆனால் வீட்டில் தினமும் நீங்கள் பயிற்சி செய்யாவிட்டால் வாரம் ஒரு முறை போய்ப் பயனில்லை. அக்குபங்சருக்கு ஆய்வு முடிவுகள் கலந்துதான் இருக்கின்றன. சரியாகச் செய்தால் தீங்கு குறைவு, வலிக்கு முயன்று பார்க்கலாம் என்பது என் எண்ணம். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 மூட்டு வலிக்கு உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு. மருந்துக்கடையில் கேட்டால் காட் மீனின் கல்லீரல் எண்ணெயைக் கொடுத்துவிடுவார்கள். அது வேறு, அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், அளவு கூடினால் விஷமாகும். மூட்டுக்கு என்று விற்கும் சத்து மாத்திரைகளில் வரும் குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம்.

ஹோமியோபதிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட அறிக்கையில், ஹோமியோபதி வேலை செய்வதற்கு ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை என்றும், அதை நம்பி ஆதாரமுள்ள சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தடுப்பூசிக்குப் பதிலாக ஹோமியோபதி உருண்டை என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வெறிநோய் அறிகுறி வந்த பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை, அது உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆபத்து. மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம்.

6. மூலிகையும் வீட்டு மருந்தும்: இங்கேதான் அதிகம் சறுக்குகிறோம்

மாட்டு மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு கலந்து பூசும் மருந்து தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியும். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் அவருடைய குழுவும் இத்தகைய மரபுவழி மருந்துகளை முறைப்படுத்திப் பரப்பியிருக்கிறார்கள். கால்நடை வளர்ப்போருக்கு அது பெரிய உதவி. ஆனால் மாட்டுக்குச் சொன்ன குறிப்பை அளவைக் குறைத்து நாய்க்குக் கொடுக்கும் வழக்கம் வாட்ஸ்அப்பில் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்தக் குறிப்புகள் பலவற்றில் சின்ன வெங்காயமும் பூண்டும் வரும். நாய், பூனை இரண்டுக்கும் இவை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அப்படித்தான். சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகும். பூண்டு கொடுத்தால் உண்ணி ஓடிவிடும் என்பதை நம்பாதீர்கள்.

பூனையின் கல்லீரல் பல வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் குறைந்தது. ஒரே ஒரு 500 மி.கி. பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். யூக்கலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரம் கலந்த வலி நிவாரணிகள் எதையும் பூனை மேல் தடவாதீர்கள். நக்கியே உள்ளே போய்விடும். நாய்க்கும் இவை நல்லதில்லை. வேப்பெண்ணெயையும் நீர்க்காமல் பூசக் கூடாது, பூனைக்கு மருத்துவரைக் கேட்காமல் பூசவே கூடாது. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனைக்கு நரம்பு நடுக்கத்தையும் மரணத்தையும் கொண்டுவரும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசம், கேசரி மிச்சம் வைக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்கிறேன்.

மஞ்சள் சமையல் அளவில் பரவாயில்லை. மாத்திரையாக, அதிக அளவில், வலி மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதானால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும், ரத்தக் கசிவு கூடலாம். அறுவை சிகிச்சை இருந்தால் மீன் எண்ணெய், மஞ்சள், மூலிகை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி, எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள்.

மூலிகை வாங்கினால் உற்பத்தியாளர் பெயர், உரிம எண், உட்பொருள் பட்டியல், காலாவதி தேதி ஆகிய நான்கும் அச்சிட்ட டப்பாவாக மட்டும் வாங்குங்கள். பெயரில்லாப் பொடியில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொடுத்த இரண்டே நாளில் நாய் துள்ளி ஓடி, கூடவே ஓயாமல் தண்ணீர் குடித்து, வீட்டுக்குள் சிறுநீர் கழித்து, பசியால் அலைந்தால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பொடியையும் எடுத்துக்கொண்டு வழக்கமான டாக்டரிடம் போங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு மாத்திரை, இன்சுலின், இதய மருந்து இவற்றுக்கும் அதே எச்சரிக்கைதான். யார் சொன்னாலும் எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

7. உணவு மாற்றம்

ஹோலிஸ்டிக் மருத்துவர்களில் பலர் வீட்டுச் சமையலைச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் தயிர்சாதம் மட்டும், அல்லது கோழியும் சாதமும் மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்து போதாது. வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்துவிடும். கிராம் கணக்கில் எழுதிய செய்முறையும், எந்தச் சத்து மாத்திரை சேர்ப்பது என்ற குறிப்பும் வாங்குங்கள். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்கும். குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். சைவ வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இதில் சமரசம் செய்ய வழியில்லை.

பச்சை இறைச்சி உணவு எனக்கு உடன்பாடில்லை. நம் வெயிலில் சால்மொனெல்லா பெருக அதிக நேரம் ஆகாது, பரிமாறும் நம் கைக்கும் தொற்றும். அமெரிக்காவில் 2024-ன் கடைசியில் பறவைக் காய்ச்சல் கிருமி இருந்த பச்சை உணவைத் தின்ற பூனைகள் இறந்தன. வேகவைத்துக் கொடுத்தாலே போதும், வெந்த எலும்பை மட்டும் எடுத்துவிடுங்கள். எந்த மாற்றமானாலும் ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

8. செலவு

சென்னைத் தனியார் கிளினிக்குகளில் நாங்கள் கொடுத்ததையும் விசாரித்ததையும் வைத்துத் தோராயமாகச் சொல்கிறேன். முதல் ஆலோசனை 800 முதல் 1,500 ரூபாய். அக்குபங்சர் ஒரு முறைக்கு 700 முதல் 1,500. பிசியோதெரபியும் ஏறத்தாழ அதே. தண்ணீர் நடைக்கு ஆயிரத்துக்கு மேல். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் சேர்ந்து இரண்டாயிரம், மூவாயிரத்தைத் தொடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் தனிக் கட்டணம். பெரிய நாயைக் கூட்டிப்போகும் வண்டி வாடகையையும் கணக்கில் எடுங்கள், பல வாரம் போய்வந்தால் அதுவே ஒரு தொகை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் நாளே பத்து முறைக்கான தொகையை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். மூன்றாவது முறையில் ஊசிக்கே பிராணி ஒத்துழைக்காமல் போகலாம், பணம் திரும்ப வராது. நான்கு முறைவரை ஒவ்வொன்றாகக் கட்டி, பலன் பார்த்துப் பிறகு யோசிக்கலாம். கிளினிக்கிலேயே விற்கும் சத்து மாத்திரைகளுக்கும் உட்பொருளைப் படமெடுத்துக்கொண்டு வந்து வெளியில் விலை பாருங்கள்.

காப்பீடு இருந்தால் இந்தச் சிகிச்சைகள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். பில்லில் நோயின் பெயரும் மருத்துவரின் பதிவு எண்ணும் இருக்கட்டும்.

9. எத்தனை நாள் பார்ப்பது, எப்போது நிறுத்துவது

அக்குபங்சரைப் பொதுவாக வாரம் ஒரு முறை, நான்கு முதல் ஆறு வாரம் செய்துவிட்டுத்தான் மதிப்பிடுவார்கள். பலன் இருந்தால் இடைவெளியை இரண்டு வாரம், ஒரு மாதம் என்று கூட்டுவார்கள். உணவும் எடையும் மூன்று மாதம் கேட்கும். பிசியோதெரபியில் தசை திரும்ப இரண்டு மாதமாவது ஆகும்.

"கொஞ்சம் பரவாயில்லை போலத் தெரிகிறது" என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பணம் கொடுத்த மனசுக்கு எல்லாமே பரவாயில்லாமல்தான் தெரியும். ஆரம்பிப்பதற்கு முன்பே ஐந்து செயல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியல் இது: ஒரே முயற்சியில் எழுகிறாளா, வாசல் படி ஏறுகிறாளா, தெருமுனைவரை நிற்காமல் வருகிறாளா, ராத்திரி முழுக்கத் தூங்குகிறாளா, இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறாளா. ஞாயிறுதோறும் ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்றுவரை மதிப்பெண் போட்டோம். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே நேரத்தில் வீடியோ எடுத்து முதல் வீடியோவோடு ஒப்பிடுங்கள்.

ஆறு வாரத்தில் மதிப்பெண் ஏறவில்லையென்றால் அதை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். நல்லவர் திட்டத்தை மாற்றுவார் அல்லது நிறுத்தச் சொல்வார். இன்னும் பத்து முறை வாருங்கள் என்று மட்டும் சொன்னால் கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

மதிப்பெண் ஏறினால் அடுத்த கேள்வி வலி மாத்திரையைக் குறைக்கலாமா என்பது. அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் குறைக்க வேண்டும், படிப்படியாக. கருப்பிக்கு மாத்திரை முழுதாக நிற்கவில்லை, அளவு குறைந்திருக்கிறது, அதுவே எங்களுக்கு நிறைவு. மாத்திரை தொடரும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனை தவறக் கூடாது. அந்தத் தேதியை இன்றே போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். ரத்தம் எடுக்கப் போகும்போது எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்பதை முந்தின நாளே லேபில் கேட்டுக்கொள்ளுங்கள்.